எதிர்க்கரைச் சுவர்

செப்ரெம்பர் 14, சனி

இன்று காலை ஏழு மணிக்கு வெர்லா ஆற்றை நிறுத்தினோம்.

மேல் ஆலையடியில் உள்ள இரும்புச் சக்கரத்தை மீன்பிடிச் சங்கத் தலைவர் திரு. ஹூபரும் நானும் சேர்ந்து திருகினோம். மதகு இறங்கியதும் ஆறு நகர மதிலுக்கு வெளியேயுள்ள பக்கக் கால்வாய்க்குத் திரும்பியது. ஒன்பதரை மணிக்குள் டோர்ன்ஹாஃபன் பழைய நகரின் நடுவே சேறும் கல்லும் சிறு குட்டைகளும் மட்டுமே எஞ்சின. ஆண்டுக்கு ஒருமுறை இவ்வாறு செய்வது இந்நகரின் வழக்கம். ஆற்றின் அகலம் ஆறு மீற்றர். இரு கரையிலுமாக அறுபத்தொரு வீடுகளின் பின்சுவர்கள் நேரே தண்ணீருக்குள் இறங்குகின்றன. தண்ணீர் இல்லாத இரண்டு கிழமைகளில், அதாவது பதினான்கு நாட்களில், சேறு அள்ளப்படும். மீன்கள் இடம் மாற்றப்படும். ஒவ்வொரு சுவரும் பரிசோதிக்கப்படும். சுவர்களைப் பரிசோதிப்பவன் நான். நகரசபை நீர்ப்பகுதியில் பதினொரு ஆண்டுகளாக இது என் பொறுப்பு.

ஆறே இல்லாத யாழ்ப்பாணத்தில் பிறந்தவனிடம் போய் ஆற்றை ஒப்படைத்திருக்கிறார்கள் என்று திரு. ஹூபர் இவ்வாண்டும் பகடி செய்தார். மாரியில் மட்டும் ஓடும் எங்கள் வழுக்கையாற்றைப் பற்றி நான் அவருக்கு விளக்க முயன்றதில்லை.

ஆறு நிற்கும் நாட்களில் மட்டும் நான் நாட்குறிப்பு எழுதுவேன். பிணக்கு எழுந்தால் ஞாபகம் சான்றாகாது. இங்குள்ளோர் ஜேர்மன் மொழியில் சொல்வதை எங்கள் பேச்சிலேயே குறித்துக்கொள்வேன். கை அதற்குத்தான் பழகியிருக்கிறது.

தண்ணீர் திரும்புவது 28ஆம் திகதி, சனி, காலை பதினொரு மணிக்கு. அன்று நகரம் முழுவதும் கரைக்கு வரும். அதே நாளில், அதே மணிக்கு என் மனைவி சுகிர்தா தன் தேநீர்க்கடையைத் திறக்கிறாள். முதியோர் இல்லத்துச் சமையலறையில் பத்தொன்பது ஆண்டுகள் பிறருடைய பட்டியலுக்குச் சமைத்த பிறகு, தோல் பதனிடுவோர் தெரு 14ஆம் இலக்க வீட்டின் கீழ்த்தளத்தை வாடகைக்கு எடுத்திருக்கிறாள். பின்புறத்தில் ஆற்றின் மேல் நீட்டிக்கொண்டிருக்கும் மரத்தளம் ஒன்று உண்டு. அதில் நான்கு மேசைகள் போடலாம். அந்தத் தளத்திற்காகவே அந்த இடத்தை எடுத்தாள்.

அத்தளத்தைத் தாங்கும் ஆற்றுச்சுவரையும் நான்தான் பரிசோதிக்கவேண்டும். உரிமையாளருக்கு உறவினரான அலுவலர் அவருடைய சுவரைப் பரிசோதிக்கக் கூடாது என்பது விதி. சுகிர்தா உரிமையாளர் அல்லள், வாடகைக்காரி. ஆகவே தடையில்லை. இதை இருமுறை வாசித்து உறுதிசெய்தேன். அச்சு வரவரச் சிறுத்துக்கொண்டு போகிறது; உருப்பெருக்கியைப் பயன்படுத்த நேர்ந்தது.

செப்ரெம்பர் 16, திங்கள்

மீன்பிடிச் சங்கத்தார் குட்டைகளில் அகப்பட்ட மீன்களை வலையால் அள்ளித் தொட்டிகளில் விட்டு, மேல் ஆலைக்கு அப்பால் கொண்டுபோய் விட்டனர். மொத்தம் 412. நான் உடன் நடந்தேன். மூன்றாம் பாலத்தின் கீழ் ஒரு குழியில் கால் வைத்து விழுந்தேன்.

"குகநேசன், உந்தக் குழி முப்பது வருசமா உதிலைதான் கிடக்கு" என்றார் திரு. ஹூபர்.

வெளிச்சம் போதவில்லை என்றேன்.

"வெளிச்சமோ? என்ர மொட்டையைப் பாரும், வெயில்ல அப்பளம் மாதிரிப் பொரியுது."

முழங்காலில் சிராய்ப்பு. சுகிர்தா மஞ்சள் அரைத்துப் பூசினாள். எப்படி விழுந்தேன் என்று கேட்கவில்லை.

செப்ரெம்பர் 17, செவ்வாய்

இலக்கம் 1 முதல் 12 வரை. எல்லாம் முதல் தரம். சமையலறை மின்குமிழ் மங்கிவிட்டதால் மாற்றினேன். பழையதில் ஒரு பிழையும் இல்லை என்று சொல்லிச் சுகிர்தா அதைக் கடைக்குக் கொண்டுபோனாள். எங்கள் வீட்டு மாடிப்படிகளின் விளிம்பில் வெள்ளைப் பட்டி ஒட்டப்பட்டிருக்கிறது. பாதுகாப்பு விதிகளை வீட்டுச் சொந்தக்காரர் ஒருவழியாக மதிக்கத் தொடங்கியிருக்கிறார்.

செப்ரெம்பர் 18, புதன்

இலக்கம் 13. முதல் தரம்.

இலக்கம் 14. சுகிர்தாவின் கடை.

மரத்தளத்தின் கீழ் எப்போதும் நிழல். அதனால் கையால் தடவிப் பார்த்தேன். இவ்வாண்டு பெரும்பாலான சுவர்களை அப்படித்தான் பார்க்கிறேன். கல்லின் ஈரமும் சாந்தின் உறுதியும் விரலுக்குத்தான் துல்லியமாகத் தெரிகின்றன. இடதுபுற உத்தரத்திற்குக் கீழே, மூன்றாம் வரிசையில், சுட்டுவிரல் இரண்டாம் கணு வரை உள்ளே போனது. பக்கத்துப் பொருத்திலும் போனது. அதற்கடுத்ததிலும். கல்லை அசைத்தேன். அசைந்தது.

விதியின்படி முதல் தரம் குறையற்ற சுவர். இரண்டாம் தரம் கவனிக்கத்தக்கது. மூன்றாம் தரம் தண்ணீர் வருமுன் திருத்தவேண்டியது. திருத்தாவிட்டால் அதன் மேலுள்ள தளம் முத்திரையிடப்படும். மறுபடி ஆறு வற்றும் வரை, அதாவது ஓர் ஆண்டுக்கு, எவரும் அதில் கால் வைக்கக் கூடாது. திருத்துவது சுண்ணாம்புச் சாந்தினால். அது இறுக ஏழு முழு நாட்கள் வேண்டும். 28ஆம் திகதி பதினொரு மணியிலிருந்து பின்னோக்கி எண்ணினால் வேலை 21ஆம் திகதி பதினொரு மணிக்குள் முடியவேண்டும். இன்று 18.

அலுவலகத்தில் சென்ற ஆண்டுப் பதிவை எடுத்தேன். இலக்கம் 14: முதல் தரம், குறையில்லை. கையொப்பம் என்னுடையது. சென்ற ஆண்டுப் புகைப்படத்தையும் திரையில் பெரிதாக்கினேன். நான்கு மடங்கில் ஒன்றுமில்லை. எட்டு மடங்கில் ஒரு கறுப்புக் கோடு தெரிந்தது.

நிழலாகவும் இருக்கலாம்.

செப்ரெம்பர் 19, வியாழன்

இலக்கம் 14க்கான மூன்றாம் தரப் படிவத்தை நிரப்பினேன். சமர்ப்பிக்கவில்லை. ஒரே சுவர் ஓர் ஆண்டில் முதல் தரத்திலிருந்து மூன்றாம் தரத்திற்கு இறங்கியது எவ்வாறு என்று கேட்பார்கள். கேட்பது முறைதான். பதிலையும் சேர்த்து எழுதாமல் படிவத்தைக் கொடுப்பது முழுமையாகாது. பதிலை யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

பன்னிரண்டு சுவர்கள் பார்க்கவேண்டிய இடத்தில் ஆறு சுவர்களையே பார்த்தேன்.

மாலையில் சுகிர்தா உணவுப் பட்டியலின் மாதிரி அட்டையைக் கொண்டுவந்து நீட்டினாள்.

"ஒருக்கா வடிவாப் பாருங்கோ. ஆட்டிறைச்சி ரோல்ஸுக்குப் போட்ட விலை கூடவோ?"

அட்டையைச் சற்று நேரம் பார்த்துவிட்டு, நியாயமான விலை என்றேன்.

அவள் அட்டையை வாங்கிக்கொண்டாள். "நான் இன்னும் விலை ஒண்டும் போடேல்லையப்பா" என்றாள். பிறகு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

என் கவனம் வேறிடத்தில் இருந்தது.

செப்ரெம்பர் 20, வெள்ளி

இன்று நடந்தவற்றை ஒழுங்காக எழுதவேண்டும்.

பன்னிரண்டரை மணிக்கு நான் மறுபடியும் இலக்கம் 14இன் கீழ் நின்றேன். ஆய்வுப் பட்டியலின்படி அங்கே எனக்கு வேலையில்லை. சுகிர்தா கடையின் பின்படியால் இறங்கி வந்தாள். ஒரு கையில் சாப்பாட்டுப் பெட்டி, காலில் திரு. ஹூபரின் ரப்பர் பூட்ஸ்.

"இதிலை என்ன செய்யிறியள்? நேற்றும் இதிலை நிண்டியள், முந்தநாளும் நிண்டியள். மேலை சன்னலால பாத்துக்கொண்டுதான் இருந்தனான்."

பரிசோதனை என்றேன்.

"மூண்டு நாளா ஒரு சுவரையோ?"

பெட்டியைக் கல்லின் மேல் வைத்துவிட்டு வந்து, என் கை இருந்த இடத்தில் தன் கையை வைத்தாள். அவள் விரலும் உள்ளே போனது.

"இது ஆபத்தோ?"

"மூன்றாம் தரம்" என்றேன். விதிகளை விளக்கினேன். முத்திரை, ஓர் ஆண்டு, ஏழு நாள் எல்லாவற்றையும் சொன்னேன். படிவத்தைக் கொடுக்காமல் விடும்படி அவள் கெஞ்சுவாள் என்றும், அதற்கு நான் சொல்லவேண்டிய மறுமொழி இன்னது என்றும் இரண்டு இரவுகளாக ஒழுங்குபடுத்தி வைத்திருந்தேன். அதற்குத் தேவை வரவில்லை.

"அப்ப புதன்கிழமையே சொல்லியிருந்தால் நான் புதன்கிழமையே மேசனைப் பிடிச்சிருப்பனே! ரெண்டு நாளை ஏன் வீணாக்கினனீங்கள்?"

போன ஆண்டு நான் இதற்கு முதல் தரம் போட்டிருந்தேன் என்றேன்.

"அது தெரியேல்லை உங்களுக்கு."

"நிழலாக இருந்தது."

"இஞ்சாருங்கோ." என் கைமணிக்கட்டைப் பிடித்தாள். "நிழலும் இல்லை, பல்ப்பும் இல்லை, அச்சும் சின்னனாகேல்லை. எனக்கு எப்பவோ தெரியும். படியில வெள்ளைப் பட்டி ஆர் ஒட்டினது எண்டு நினைச்சியள்? வீட்டுக்காரனோ? அவன் ஒரு ஆணி அடிக்க ஆறு மாசம் எடுப்பான்."

"நீர் ஏன் கேட்கேல்லை?"

"கேட்டனான். தைமாசம் கேட்டனான், சித்திரையில கேட்டனான். ஒவ்வொருக்காவும் வெளிச்சம் காணாது எண்டியள். கண்ணில ஏதோ இருக்கெண்டு தெரிஞ்சால் வேலை போயிடும் எண்ட பயம். அது எனக்கு விளங்குது. ஆனா உங்கட பயத்துக்குப் பக்கத்தில என்ர கடையைக் கொண்டுவந்து வைச்சிட்டியளே. அதுதான் எனக்குக் கோவம்."

அவள் சொன்னதில் திருத்துவதற்கு எதுவும் இல்லை.

"சாப்பிடுங்கோ முதல்ல. சாப்பிட்டிட்டுப் போய்க் குடுங்கோ. நான் மேசனுக்கு ரெலிபோன் அடிக்கிறன்."

இரண்டு மணி பத்து நிமிடத்துக்கு நீர்ப்பகுதித் தலைவி திருமதி ஓல்ட்மனிடம் இரண்டு தாள்களைக் கொடுத்தேன். முதலாவது இலக்கம் 14க்கான மூன்றாம் தரப் படிவம். இரண்டாவது என்மீதான முறைப்பாடு. சென்ற ஆண்டுப் பதிவு தவறானது. காரணம், பரிசோதகரின் பார்வைக் குறைபாடு. அவர் அதை அறிந்திருந்தும் அறிவிக்கவில்லை.

திருமதி ஓல்ட்மன் இரண்டாவது தாளை இருமுறை வாசித்தார்.

"உங்களைப் பற்றி நீங்களே முறைப்பாடு குடுக்கிறியளோ?"

ஆம் என்றேன்.

"இப்படி ஒரு படிவம் எங்களிட்டை இருக்கெண்டு எனக்குத் தெரியாது."

இல்லை, அதனால் நானே ஒன்றை வரைந்தேன் என்றேன்.

அவர் சிரிக்க முற்பட்டு நிறுத்திக்கொண்டார். "மற்றச் சுவருகள்? போன வருசம் அறுபத்தொண்டும் நீங்கள்தான் பாத்தது. எத்தினை பிழை இருக்கும்?"

"தெரியாது. அதுதான் சரியான பதில்."

மருத்துவச் சான்று வரும் வரை என்னைப் பரிசோதனையிலிருந்து நீக்கினார். வேறு விதமாகச் செய்திருந்தால் அவர்மீது எனக்கு மதிப்புக் குறைந்திருக்கும். ஆற்றுக்குள் இறங்கும் இரும்புக் கதவுகளின் சாவிக் கொத்தை மேசையில் வைத்தேன். பதினொரு ஆண்டுகளில் அது இவ்வளவு கனமானது என்று ஒருநாளும் தோன்றியதில்லை.

பிறகு அவர் தலையைப் பிடித்துக்கொண்டு, இத்தனை சுவரையும் யார் மறுபடி பார்ப்பது, வெளியே இருந்து ஆள் எடுக்கக் கிழமைகள் ஆகுமே என்று யன்னலைப் பார்த்துச் சொன்னார்.

அப்போது 1743ஆம் ஆண்டு ஆற்றுச் சட்டத்தின் ஒன்பதாம் பிரிவைச் சொன்னேன். "ஆறு வற்றும் காலத்தில் ஒவ்வொரு வீட்டாரும் தமக்கு எதிர்க்கரையிலுள்ள வீட்டாரின் சுவரைப் பார்த்து, கண்டதை மறைக்காமல் சொல்லக் கடவர், தம் சுவரைத் தாமே எவரும் காணார்." நகரசபைக்கு அலுவலர்கள் வந்தபின் இது வழக்கொழிந்தது. ஆயினும் எந்தச் சட்டத்தாலும் நீக்கப்படவில்லை.

"அது இன்னும் செல்லுமோ?"

"செல்லும். நான்கு ஆண்டுகளுக்கு முன் இதைப் பற்றி உங்களுக்கு ஒரு குறிப்பு அனுப்பியிருந்தேன்."

"வாசிக்கேல்லை" என்றார் திருமதி ஓல்ட்மன் நேர்மையாக.

செப்ரெம்பர் 21, சனி

மேசன் வோய்ச்சேக், போலந்துக்காரர், காலை ஆறு மணிக்கு வந்தார். பதினொரு மணிக்குள் முடித்துவிடலாம் என்றார். முதல் கல்லை எடுத்ததும், "ஐயோ" என்றார். அதன் பின்னே இருந்த கல்லும் எடுக்கப்பட்டது. அதன் பின்னே இருந்ததும். மொத்தம் பதினேழு கற்கள். வேலை முடிந்தது மாலை நான்கு நாற்பதுக்கு.

ஏழு நாட்களுக்கு ஐந்து மணி நாற்பது நிமிடம் குறைகிறது.

"ஐஞ்சு மணித்தியாலம்தானே. சாந்து என்ன மணிக்கூடு கட்டிக்கொண்டோ இருக்கு?" என்றார் வோய்ச்சேக்.

சுகிர்தா என் முகத்தைப் பார்த்தாள். "அவரிட்டை அதைச் சொல்லாதேங்கோ, அண்ணை. ஏழு நாளெண்டால் ஏழு நாள்தான். நான் மேசையைப் பின்னேரம் போடுறன்."

அவளே சொல்லிவிட்டதால் நான் சொல்லவேண்டியிருக்கவில்லை.

செப்ரெம்பர் 22, ஞாயிறு

ஞாயிற்றுக்கிழமைகளில் சத்தம் போடும் வேலைகளுக்குத் தடை. பார்ப்பது சத்தமில்லாத வேலை என்பதால் ஒன்பதாம் பிரிவை இன்றே நிறைவேற்றலாம் என்று திருமதி ஓல்ட்மனுக்கு ஆலோசனை கூறியிருந்தேன். வீட்டார் எல்லோரும் வீட்டில் இருக்கும் நாளும் இதுவே. நேற்று ஒவ்வொரு கதவிலும் அறிவித்தல் ஒட்டப்பட்டது. பத்துப் பேர் வந்தால் பெரிது என்று அவர் எதிர்பார்த்தார். இரண்டு மணிக்கு ஆற்றுக்குள் நூற்றுக்கு மேற்பட்டோர் இறங்கினர். திரு. ஹூபர் சங்கத்தின் பூட்ஸ்களை எல்லாம் கொண்டுவந்து பாலத்தடியில் வரிசையாக வைத்திருந்தார்.

சட்டம் எதிர்பாராத அளவு சத்தம் எழுந்தது.

வெதுப்பகக்காரர் சேற்றில் நின்று எதிர்வீட்டு இசை ஆசிரியையிடம் கேட்டார்: "உங்கட சுவரில ஒரு மரம் முளைச்சுக் கிடக்கே, தெரியுமோ?"

"அது அழகுக்கு விட்ட செடி."

"செடியோ? அதில ஊஞ்சல் கட்டி ஆடலாம்!"

"உங்கட சுவரைக் கேளுங்கோ இப்ப. கரைஞ்சு கிடக்கு, நீங்கள் விக்கிற பாண் மாதிரி!"

இருவரும் எட்டு ஆண்டுகளாக ஒருவரோடொருவர் பேசியதில்லை என்று திரு. ஹூபர் என் காதில் சொன்னார். அவ்விரு சுவர்களும் உண்மையிலேயே மூன்றாம் தரம்தான். எல்லோரும் தாம் கண்டதை உரக்கச் சொன்னார்கள். திருமதி ஓல்ட்மன் எழுதிக்கொண்டார். சந்தேகமானவற்றை வோய்ச்சேக் சுத்தியலால் மெல்லத் தட்டிப் பார்த்தார். மெல்லத் தட்டுவது சத்தமாகாது என்று நான் தீர்ப்புச் சொன்னேன்.

இலக்கம் 14க்கு எதிர்வீடு 15. அங்கே ஓய்வுபெற்ற மருந்தாளர் திருமதி ட்ரோஸ்ட் தனியாக வசிக்கிறார். வயது எழுபத்து நான்கு. கைத்தடியை ஊன்றி வந்து சுகிர்தாவின் சுவர் முன் நின்றார்.

"நேற்றுக் கட்டின சுவரில பாக்க என்ன கிடக்கு? சித்திரையிலையே இதில ஒரு கல்லு கழண்டு தண்ணிக்குள்ள விழுந்ததைக் கண்டனான். கோப்பி குடிச்சுக்கொண்டு இருக்கேக்க. டொங் எண்டு."

ஏன் அறிவிக்கவில்லை என்று கேட்டேன்.

"ஆர் கேட்டவை?" என்றார்.

நான் திருமதி ட்ரோஸ்ட்டின் முகத்தைப் பார்க்க முயன்றேன். வெள்ளை முடியும் சிவப்புச் சால்வையும் தெரிந்தன.

"ஐயா, உங்களுக்குக் கண்ணில வெண்புரை எண்டு நினைக்கிறன். நாப்பது வருசம் மருந்துக்கடையில நிண்டவள் நான். ஒரு வருசத்துக்கு மேலா என்ர சன்னலுக்கு நீங்கள் வணக்கம் சொல்லுறதில்லை. முதல்ல திமிர் எண்டுதான் நினைச்சனான்."

சுகிர்தா வாய்விட்டுச் சிரித்தாள். இந்தக் கிழமையில் அவள் சிரித்து நான் கேட்டது இதுவே முதல்முறை.

முடிவு: மூன்றாம் தரம் நான்கு சுவர்கள். அவற்றுள் இரண்டுக்கு இதே கிழமையில், செவ்வாயன்று, நான் முதல் தரம் போட்டிருந்தேன். அவற்றையும் தடவித்தான் பார்த்தேன். தடவியும் விட்டுவிட்டேன். இதை இங்கே எழுதிவைக்கிறேன்.

செப்ரெம்பர் 23, திங்கள்

கண் மருத்துவர். இரண்டு கண்ணிலும் வெண்புரை. ஐம்பது வயதுக்கு இது முந்தியது, ஆனால் அரிதானதன்று. எவ்வளவு காலமாக என்று கேட்டார். நான்கு மாதம் என்றேன். "பதினாலு" என்று பின்னாலிருந்து சுகிர்தாவின் குரல் கேட்டது. மருத்துவர் பதினான்கு என்று எழுதினார்.

வலது கண்ணுக்கு அறுவை ஒக்ரோபர் 22. இடது கண்ணுக்கு நவம்பர். இருபது நிமிட வேலை என்கிறார். பதினான்கு மாதங்களாக நான் அஞ்சியது இருபது நிமிடத்துக்கு.

பேருந்தில் சுகிர்தா சொன்னாள்: "இனிமேல் ஒண்டு தெரியேல்லை எண்டால், தெரியேல்லை எண்டு சொல்லுங்கோ. விதி எண்டு எழுதி வையுங்கோ, அப்பதான் செய்வியள்."

எழுதி வைக்கிறேன்.

செப்ரெம்பர் 24, செவ்வாய்

நகரபிதா கோபமாக இருக்கிறாராம். சுவரொட்டிகள் எல்லாம் 28 என்று அச்சாகிவிட்டன. நான்கு சுவர்களும் 28க்கு முன் இறுகா. தண்ணீர் தள்ளிப்போகிறது.

செப்ரெம்பர் 26, வியாழன்

கடைசிச் சுவர் மாலை மூன்று இருபதுக்கு முடிந்தது. ஏழு நாள் ஒக்ரோபர் 3, மூன்று இருபதுக்கு நிறைவுறும். அது நாட்டின் பொது விடுமுறை. மதகைத் திறப்பது நான்கு மணிக்கு என்று தீர்மானமாயிற்று. விடுமுறை என்றால் இன்னும் கூடுதலாக ஆட்கள் வருவார்கள் என்று யாரோ சொல்ல, நகரபிதாவின் கோபம் தணிந்ததாம்.

இந்த மூன்று நாட்களும் சுகிர்தா கடை யன்னலால் ஆற்றுக்குள் தேநீர் கொடுத்தாள். மேசன்மாரும் வெதுப்பகக்காரரும் இசை ஆசிரியையும் சேற்றில் நின்று குடித்தார்கள். கடை இன்னும் திறக்கவில்லையே என்று நினைவூட்டினேன்.

"இது கடை இல்லை, சன்னல்" என்றாள்.

செப்ரெம்பர் 28, சனி

கடை பதினொரு மணிக்குத் திறந்தது. முன்பக்கம் மட்டும்.

தண்ணீர் இல்லாத ஆற்றுக்கு யார் வருவார்கள் என்று காலையில் அவள் பாத்திரங்களோடு பேசுவது கேட்டது. மழையும் தூறியது. முதல் அரைமணி எவருமில்லை. நான் கண்ணாடிக் கோப்பைகளைத் துடைத்தேன். துடைத்தவற்றையே மறுபடி துடைத்தேன் என்று பின்னர் சொன்னாள்.

பதினொன்றரைக்கு வோய்ச்சேக் தன் மனைவியோடு வந்தார். பின்னால் திரு. ஹூபர், சங்கத்தார் ஒன்பது பேரோடு. ஆட்டிறைச்சி ரோல்ஸ் ஒரு மணிக்கு முடிந்தன. இரண்டாம் தடவை சுட்டவை மூன்று மணிக்கு முடிந்தன. இசை ஆசிரியை மோதகத்தை உப்புப் பண்டம் என்று நினைத்துக் கடித்துத் திகைத்து, பிறகு நான்கு வாங்கிக்கொண்டு போனார்.

நான்கு நாற்பதுக்குத் திருமதி ட்ரோஸ்ட் எதிர்க்கரையில் தன் யன்னலில் நின்று, சுவரை மேலிருந்து கீழ்வரை பார்த்து, "வெடிப்பில்லை! கல்லு அசையேல்லை! நான் பொறுப்பு!" என்று கூவினார். திருமதி ஓல்ட்மன் கையொப்பமிட்டார். சாந்து இறுகும் வரை தளத்தை மறித்திருந்த முத்திரைப் பட்டியை அறுக்கும்படி கத்தரிக்கோலை என்னிடம் நீட்டினார். எனக்கு அதிகாரமில்லை என்றேன். சுகிர்தாவே அறுத்தாள்.

நான்கு மேசைகளும் நிரம்பின. கீழே சேறு மட்டுமே. குடை பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள்.

ஒக்ரோபர் 1, செவ்வாய்

திருமதி ஓல்ட்மனிடமிருந்து கடிதம். சென்ற ஆண்டுப் பதிவு குறித்து எனக்கு எழுத்துமூல எச்சரிக்கை. என் கோப்பில் இரண்டு ஆண்டு இருக்கும். சரியான அளவு. அறுவைக்குப்பின் மருத்துவச் சான்று தந்தால் வரும் ஆண்டும் பட்டியல் என்னிடமே. ஒன்பதாம் பிரிவு இனி ஆண்டுதோறும் நிறைவேற்றப்படும். அதை ஒழுங்குசெய்வதும் என் பொறுப்பு. கடிதத்தைச் சுகிர்தா எனக்கு வாசித்துக் காட்டினாள். எச்சரிக்கைப் பகுதியைக் குரல் தாழ்த்தி வாசித்தாள். மறுபடி வாசிக்கச் சொன்னேன். இம்முறை சாதாரணக் குரலில் வாசித்தாள்.

ஒக்ரோபர் 3, வியாழன்

வானம் வெளித்திருந்தது என்கிறார்கள்.

நான்கு மணிக்கு நகரபிதா சக்கரத்தைத் திருகினார். தண்ணீர் நடுப்பாலத்தை அடைய முப்பத்தெட்டு நிமிடம் பிடிக்கும். பாலத்திலும் கரைகளிலும் இடமில்லை. நான் நடுப்பாலத்தில் பதிவேட்டோடு நின்றேன். பரிசோதனையிலிருந்து விலக்கப்பட்டிருந்தாலும் முதல் நீர்மட்டத்தைப் பதிவது இன்னும் என் கடமை. அளவுகோல் பாலத்தூணில் கறுப்பும் வெள்ளையுமாகப் பூசப்பட்டிருக்கிறது. பதினொரு ஆண்டுகள் அதை நானே வாசித்தேன். சென்ற ஆண்டு என்ன வாசித்தேன், எப்படி வாசித்தேன் என்பதை இப்போது நினைக்க விரும்பவில்லை; ஆனால் அந்த எண்ணுக்கு எதிரே சந்தேகக் குறி இடும்படி நேற்று எழுதிக் கொடுத்துவிட்டேன்.

தண்ணீர் வருவது முதலில் கேட்டது. காய்ந்த சருகு இழுபடுவது போன்ற ஓசை. பிறகு பிள்ளைகளின் கூச்சல். பிறகு குளிர் முகத்தில் பட்டது. சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள். ஒரு பழுப்பு அசைவைக் கண்டேன். அது வெளுத்து, வெளிச்சமாயிற்று.

பத்து நிமிடம் கழித்து மட்டம் நிலைபெற்றது. திருமதி ஓல்ட்மன் என்னைப் பார்ப்பதை உணர்ந்தேன். தான் வாசிக்கட்டுமா என்று மெல்லக் கேட்டார். மெல்லக் கேட்டது என் மானத்தைக் காப்பதற்காக என்று விளங்கிற்று.

தொண்டையைச் செருமிக்கொண்டு, கரைகள் இரண்டுக்கும் கேட்கும்படி சொன்னேன்: "எனக்கு அளவுகோல் தெரியவில்லை. யாராவது வாசித்துச் சொல்லுங்கள்."

பாலத்தின் இரு பக்கமும் குரல்கள் வெடித்தன.

"முப்பத்தொண்டு!"

"முப்பத்தொண்டரை!"

"உமக்குக் கண்ணாடி தேவை, ஹூபர். அது முப்பத்திமூண்டு!"

"நீர் கோணலா நிண்டு பாக்கிறீர்!"

வெதுப்பகக்காரரும் இசை ஆசிரியையும் பக்கத்தில் நின்றே வெவ்வேறு எண்களைக் கூவினார்கள். பேனா தாளின் மேல் நின்றது. சராசரி எடுப்பதற்கு விதியில் இடமில்லை.

அப்போது கீழிருந்து, மரத்தளத்திலிருந்து, எல்லாக் குரலுக்கும் மேலாக எங்கள் தமிழில் ஒரு குரல் வந்தது. "முப்பத்திரண்டு! நான் நேருக்கு நேர நிண்டு பாக்கிறன், முப்பத்திரண்டு! எழுதுங்கோ, தேத்தண்ணி ஆறுது!"

முப்பத்திரண்டு என்று எழுதினேன். 'வாசித்தவர்' என்ற கட்டத்தில், பதினொரு ஆண்டுகளில் முதல்முறையாக வேறொருவர் பெயரை இட்டேன்: திருமதி சுகிர்தா குகநேசன், தோல் பதனிடுவோர் தெரு 14.

பிறகு பதிவேட்டை மூடிக்கொண்டு, கைப்பிடிக் கம்பியைத் தடவியபடி, தேநீர் குடிக்க இறங்கினேன்.